'விச் ஒன்?' என்று பதில் வருகிறதா? திஸ், தட், ஹியர், தேர் பழுதுபார்க்கும் முறை

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையருக்கும் தைக்கிற யூனிட்டுக்கும் நடுவில் நின்று பேசுகிற வேலைக்கு, வருகிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டென்ஸ் சரியாக வருகிறது. ஸ்பெல்லிங்கை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. மாட்டிக்கொள்வது எல்லாம் ஒன்றாம் வகுப்பில் படித்த நாலு சொற்களில்தான்: திஸ், தட், ஹியர், தேர். 'இது, அது, இங்கே, அங்கே, அவ்வளவுதானே' என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த மெயிலை நம்பித்தான் கட்டிங் டேபிளில் துணி விரிக்கிறார்கள்.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்த கோளாறு எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். முளைக்குச்சி பற்றிய பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் முளைக்குச்சி

காங்கேயம் பக்கம் கிளுவை முள்வேலி போட்ட கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், மாட்டை அவிழ்த்து விட்டுவிடலாம். வேலி இல்லாத இடத்தில் முளைக்குச்சி அடித்துக் கட்ட வேண்டும். கயிறு எவ்வளவோ அவ்வளவுதான் மாட்டுக்கு வட்டம். குச்சியைப் பிடுங்கி அடுத்த காட்டில் அடித்தால், மாடும் அதேதான், கயிறும் அதேதான், மேய்வது மட்டும் அடுத்தவர் சோளம்.

திஸ், தட், ஹியர், தேர் நாலும் கயிற்றில் கட்டின சொற்கள். நவ், டுடே, கம், கோ கூட அப்படித்தான். முளைக்குச்சி யார்? பேசுகிறவர். அவர் நிற்கிற இடம், அவர் பேசுகிற நேரம். கார்ல் பியூலர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1934இல் இந்த மையத்துக்கு 'ஒரிகோ' என்று பெயர் வைத்தார். நான் முளைக்குச்சி என்றே சொல்லிக்கொடுக்கிறேன், பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

கிட்டம், தூரம் என்பதை டேப் வைத்து அளக்கக் கூடாது. நம்மூரில் வழி கேட்டால் 'இதா இங்கதானுங்க, கூப்புடு தூரம்' என்பார்கள். அரை மணி நேரம் நடந்தும் ஊர் வராது. சொன்னவர் பொய் சொல்லவில்லை, தினம் நடக்கிறவருக்கு அது கிட்டம்தான். இங்கிலீஷும் அப்படியே. ஒரு நாடு முழுவதையும் 'திஸ் கன்ட்ரி' என்று சொல்லலாம். சொந்த வாயில் இருக்கிற பல்லை, நாளைக்குப் பிடுங்கப் போகிறோம் என்றால், 'தட் டூத்' என்றும் சொல்லலாம். பேசுகிறவர் எதைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறார், எதைத் தள்ளி வைக்கிறார் என்பதுதான் கணக்கு.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தமிழில் சுட்டெழுத்து ரெண்டு இல்லை, மூன்று. 'அ இ உ அம்மூன்றும் சுட்டு' என்கிறது தொல்காப்பியம். யாழ்ப்பாணத்தார் பேச்சில் 'உது' இன்னும் உயிரோடு இருக்கிறது, பெரும்பாலும் கேட்பவர் பக்கம் இருப்பதைச் சுட்டுவதற்கு. நாம் அதைத் தொலைத்துவிட்டோம். இங்கிலீஷ்காரர்களும் 'யான்', 'யாண்டர்' என்று ஒன்றை வைத்திருந்தார்கள், தூரத்துக்கும் தூரமானதைக் காட்ட. இன்றைக்கு அது பாட்டிலும் சில வட்டாரப் பேச்சிலும்தான் கிடக்கிறது. ஆகவே எதிராளி கையில் இருக்கிற பொருளுக்கும், ரெண்டு பேருக்கும் எட்டாமல் தூரத்தில் இருக்கிற பொருளுக்கும் ஒரே 'தட்' தான். அடுத்த கோளாறே இதிலிருந்துதான் வருகிறது.

அறிகுறி: வீடியோ காலில் எல்லாம் பேசி முடித்தாயிற்று, ஆனால் ஆளுக்கொரு பீஸை ஃபைனல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்

இது எங்கள் மேஜையிலேயே நடந்தது. ரவுண்டு நெக் டி-ஷர்ட். பையர் அம்மா கேமரா முன்னால் ஒரு பீஸைத் தூக்கிக் காட்டினார், கடையில் வாங்கின சாம்பிள், நெக் ரிப் (கழுத்தைச் சுற்றித் தைக்கிற பட்டை) 2 செ.மீ. எங்கள் மெர்ச்சண்டைசர் பெண் கையில் நாங்கள் தைத்த பீஸ், ரிப் 1.5 செ.மீ. அந்த அம்மா தன் கையில் இருந்ததைக் காட்டி, 'ஐ ப்ரிஃபர் திஸ் ஒன்' என்றார். எங்கள் பெண் தன் கையில் இருந்ததைக் கொஞ்சம் உயர்த்தி, 'எஸ் மேடம், திஸ் ஒன் இஸ் ஃபைனல்' என்றாள். 'கிரேட்!' ரெண்டு பக்கமும் சிரிப்பு. கால் முடிந்தது.

சாயந்திரம் அவள் அனுப்பின மெயிலில் 'நெக் ரிப் ஆஸ் பெர் திஸ் சாம்பிள்' என்று இருந்தது. அதைப் படித்த அந்த அம்மாவுக்குத் 'திஸ் சாம்பிள்' என்பது தன் மேஜையில் கிடந்தது. எங்கள் யூனிட்டுக்கு, எங்கள் மேஜையில் கிடந்தது. ஷிப்மென்ட் நெருக்கடியில் பிபி சாம்பிளுக்கு (மொத்தமாகத் தைப்பதற்கு முன் பையர் பார்த்துச் சொல்கிற மாதிரி பீஸ்) கமெண்ட் வருவதற்கு முன்பே ஒரு லாட் தைத்தும் ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் தெரிந்தது.

'ஏங் கண்ணு, எந்த பீஸ ஓகே பண்ணாங்க?' என்று கேட்டேன்.

'இதுதானுங்கண்ணா.'

'இது உன்ற கையில இருந்துச்சா, அவுங்க கையில இருந்துச்சா?'

அதற்குப் பதில் இல்லை. கையில் இருந்த பீஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மெயிலை நானும் படித்துத்தானே அனுப்பச் சொன்னேன். லாட் முழுக்கக் கழுத்தைப் பிரித்து மறுபடி ஏற்றினோம். ஓவர்லாக் அடித்த கழுத்தைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், அது என்ன பாடு என்று.

காரணம்: எதிராளி சொன்ன சொல்லையே கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்வது. 'நான் வரட்டுமா?' என்று ஒருவர் கேட்டால் 'சரி, நான் வாங்க' என்று யாராவது சொல்வார்களா? 'நீங்க வாங்க' என்போம். திஸ், தட்டுக்கும் அதே விதி. அவர் வாயில் திஸ் என்றால் நம் வாயில் தட். ஓட்டோ யெஸ்பர்சன் என்ற டென்மார்க் மொழியறிஞர் இந்த மாதிரிச் சொற்களுக்கு 1922இல் 'ஷிஃப்டர்' என்று பெயர் வைத்தார். ஷிஃப்ட் முறை தெரிந்த ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம். மெஷின் ஒன்றுதான், காலையில் ஒருவர், ராத்திரி இன்னொருவர்.

சரி செய்வது: 'தி ஒன் இன் யுவர் ஹேண்ட், வித் 2 சென்டிமீட்டர் ரிப், ரைட்?' என்று காலிலேயே ஒரு முறை கேட்டுவிடுங்கள். மெயிலில் பெயரும் அளவும் போட்டு எழுதுங்கள்: 'யுவர் ஸ்டோர் சாம்பிள், நெக் ரிப் 2 சென்டிமீட்டர்.' அதற்கப்புறம் திஸ் போட்டாலும் தட் போட்டாலும் கழுத்து மாறாது.

அறிகுறி: போட்டோவோடு அனுப்பின மெயிலுக்கு 'விச் ஒன்?' என்று ஒற்றை வரிப் பதில்

மெயில் எழுதும்போது உங்கள் கண் முன்னால் போட்டோ இருக்கிறது. மனசுக்குள் விரல் நீட்டிக்கொண்டே 'ப்ளீஸ் அப்ரூவ் திஸ்' என்று தட்டிவிடுகிறீர்கள். போட்டோ போய்ச் சேருகிறது, விரல் போய்ச் சேருவதில்லை. ஒரே படத்தில் காலர், பட்டன், பிளாக்கெட், மெயின் லேபிள் நாலும் இருந்தால் அவர் எதை அப்ரூவ் செய்வார்?

திஸ் என்பதைத் தனியாக விடாமல் பின்னால் ஒரு பெயரைக் கட்டுங்கள். 'திஸ் காலர்', 'திஸ் பட்டன் கலர்'. இந்தப் பழக்கம் ஒன்று வந்தாலே வருகிற கோளாறில் பெரும்பகுதி தீரும் என்பது என் அனுபவம். லேப் டிப் (கலர் பார்க்கச் சாயம் போட்ட துணித் துண்டு) அனுப்பும்போது ஏ, பி, சி என்று ஆப்ஷன் எழுதுகிறோமே, அது எதற்கு? சுட்டு விரலுக்குப் பதிலாகத்தான். அதை எழுதிவிட்டு, மெயிலில் மட்டும் 'வி ஃபீல் திஸ் இஸ் குளோசர்' என்று எழுதினால் எப்படி?

சோதித்துப் பார்க்க ஒரு வழி: அட்டாச்மெண்டைத் திறக்காமல் உங்கள் மெயிலைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள். 'எது?' என்று அவர் கேட்கிற இடத்தில் எல்லாம் ஒரு பெயர்ச்சொல் குறைகிறது.

அறிகுறி: 'திஸ் பட்டன்ஸ்' என்று எழுதுகிறீர்கள், ஒன்றா நாலா என்று அங்கே குழப்பம்

தமிழில் 'இந்த' ஒன்றே போதும்: இந்த பட்டன், இந்த பட்டன்கள். இங்கிலீஷில் பலது என்றால் தீஸ், தோஸ். 'சேஞ்ச் திஸ் பட்டன்' என்றால் ஒரே ஒரு பட்டன்தான். நாலையும் மாற்ற வேண்டும் என்றால் தீஸ். போனில் 'தி'யை இழுக்காமல் விட்டால் ரெண்டும் ஒன்றாகவே கேட்கும், அதனால் 'ஆல் ஃபோர்' என்று எண்ணிக்கையையும் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: ஃபார்வர்டு செய்த மெயிலால் சரக்கு தப்பான இடத்துக்குப் போகிறது

பிடுங்கி நட்ட முளைக்குச்சி என்றால் இதுதான். பையர் எழுதுகிறார்: 'ப்ளீஸ் சென்ட் தி சைஸ் செட் ஹியர் பை ஃப்ரைடே.' சைஸ் செட் என்றால் சைஸுக்கு ஒன்றாகத் தைத்த சாம்பிள்கள். அவர் உட்கார்ந்திருப்பது ஜெர்மனியில் ஹாம்பர்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மேலே 'எஃப்ஒய்ஐ' (உங்கள் தகவலுக்கு) என்று மூன்றெழுத்து போட்டு யூனிட்டுக்குத் தள்ளிவிடுகிறீர்கள். அவிநாசி ரோட்டு யூனிட்டில் இருப்பவருக்கு ஹியர் என்றால் என்ன? தனக்கு மெயிலைத் தள்ளிவிட்ட உங்கள் ஆபீஸ். சைஸ் செட் வெள்ளிக்கிழமை உங்கள் மேஜைக்கே வந்து சேரும். கூரியரில் ஏறியிருக்க வேண்டிய பெட்டியை நீங்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

நேரத்துக்கும் இதே வியாதி. 'டுடே', 'திஸ் வீக்' எல்லாம் எழுதின நேரத்தில் கட்டினவை, படிக்கிற நேரத்தில் கட்டினவை அல்ல. சனிக்கிழமை ராத்திரி எழுதின 'திஸ் வீக்'கைத் திங்கட்கிழமை காலையில் படித்தால் வாரமே மாறியிருக்கும். 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' இன்னும் மோசம். வருகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்று இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. நாம் ஏன் அதில் தலையைக் கொடுக்க வேண்டும்? ஜெர்மனியில் குளிர்காலத்தில் நம்மை விட நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. இங்கே நள்ளிரவு தாண்டி நாம் 'டுமாரோ' என்று அனுப்பினால் அங்கே இன்னும் நேற்று சாயந்திரம்தான்.

சரி செய்வது: ஃபார்வர்டு பட்டனைத் தொடுவதற்கு முன் ஹியர், தேர், டுடே, டுமாரோ, திஸ் வீக் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மேலே ஒரு வரி, ஊர் பெயரும் தேதியும் போட்டு. தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 5/6 என்றால் அமெரிக்கக்காரருக்கு மே 6, நமக்கு ஜூன் 5. ஐரோப்பிய பையர்கள் 'வீக் 32' என்று வார எண் சொல்வது இந்தச் சள்ளையெல்லாம் வேண்டாம் என்றுதான். அந்தக் கணக்கில் வாரம் திங்களில் தொடங்கும். வருடத்தின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அது வீக் 1. முதல் பார்வைக்குத் தலை சுற்றும், ஆனால் யார் படித்தாலும் அதே வாரம்.

அறிகுறி: 'அபவ் மெயில்' என்று எழுதினால் பார்க்க முடியவில்லை என்கிறார்கள்

இது சின்னக் கோளாறு. புத்தகத்தில் முன்னால் சொன்னது மேலே இருக்கும், அதனால் 'மேற்கண்ட'. மெயிலில் பழசு கீழே போய்விடுகிறது, ட்ரெயில் மெயில் எல்லாம் நம் பதிலுக்கு அடியில்தான் தொங்கும். அதனால் 'பிலோ மெயில்'. ரெண்டுமே வேண்டாம் என்றால் 'யுவர் மெயில் ஆஃப் 12 மார்ச்' என்று தேதி போட்டு எழுதுங்கள்.

அறிகுறி: 'திஸ் இஸ் கரெக்ட்' என்று ஒத்துக்கொண்டால், 'வாட் இஸ் கரெக்ட்?' என்று கேட்கிறார்கள்

இதுவரை சொன்னது மேஜை மேல் இருக்கும் பொருள்களைப் பற்றி. பேச்சையே சுட்டும்போதும் கிட்டம், தூரம் உண்டு. அவரவர் சொன்ன சொல் அவரவர் பக்கம். இங்கிலீஷில் தாங்களே இப்போது சொன்னதைப் பெரும்பாலும் திஸ் என்பார்கள், எதிராளி சொன்னதைத் தட் என்பார்கள். அதனால்தான் ஒத்துக்கொள்ளும்போது 'தட்ஸ் ரைட்', 'தட்ஸ் எ குட் ஐடியா'. அங்கே 'திஸ் இஸ் கரெக்ட்' என்று போட்டால் அவர் சொன்னதை விட்டுவிட்டு நீங்கள் வேறு ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்று காத்திருப்பார்.

அந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு. திஸ் முன்னாலும் பார்க்கும். 'லிசன் டு திஸ்' என்றால் சொல்லப் போகிற விஷயம். 'தட்' பின்னால், சொல்லி முடிந்ததைத்தான் பார்க்கும். 'தட்ஸ் ஆல்' என்பது கடையைக் கட்டும்போது சொல்வது.

நமக்கு ஏன் தட் வருவதில்லை? 'அது சரி' என்று சொன்னால் தமிழில் குத்தலாகிவிடும். 'அது செரி, மொதல்ல பணத்தக் குடுங்க' என்கிற தொனி. அந்த நினைப்பில் மரியாதைக்காகத் திஸ்ஸைப் பிடிக்கிறோம் என்று நினைக்கிறேன். இங்கிலீஷில் தட்ஸ் ரைட்டுக்கு அந்தக் குத்தல் கிடையாது, பயப்படாமல் எழுதலாம்.

அறிகுறி: மரியாதையாகத்தான் எழுதினோம், ஆனால் கோபமாக எழுதியது போல் எடுத்துக்கொள்கிறார்கள்

'தட் ஃபேப்ரிக் இஸ் ரெடி. தட் டையிங் யூனிட் வில் டெலிவர் டுமாரோ. தட் மேடம் ஹேஸ் அப்ரூவ்டு.' எழுதினவர் மனசில் ஓடினது 'அந்தத் துணி, அந்த டையிங், அந்த மேடம்'. தமிழில் 'அந்த' என்றால் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த ஒன்று என்றும் பொருள்படும். இங்கிலீஷில் அந்த வேலையைச் செய்வது 'தி'. 'தி'யும் ஒரு காலத்தில் சுட்டுச் சொல்தான், பழைய இங்கிலீஷில் 'தட்'டோடு கூடப் பிறந்தது. பின்னால் விரல் மழுங்கி, 'உனக்கே தெரியும்' என்கிற தலையாட்டல் மட்டும் மிஞ்சியது.

விரல் இருக்கிற தட்டை ஆள் மேல் நீட்டினால் தள்ளி வைக்கிற தொனி வந்துவிடும். 'தட் மேடம்' என்பது கிட்டத்தட்ட நம் 'அந்தம்மா'. பொருளுக்கும் இது உண்டு: 'தட் ஃபேப்ரிக்' என்றால் 'தொல்லை கொடுத்ததே, அந்தத் துணியா?' என்று படிக்க இடம் இருக்கிறது.

'அந்த' என்று எழுதத் தோன்றும்போது 'எந்த?' என்று உங்களையே கேளுங்கள். இந்த ஆர்டரில் இருப்பதே அந்த ஒரு துணிதான் என்றால் தி. ரெண்டு இருந்து, ஒன்றை ஒதுக்கி இன்னொன்றைக் காட்டினால் தட். ஆள் என்றால் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: போனில் முதல் வரியிலேயே தடுமாற்றம்

முகம் தெரியாத போனில் 'ஐ ஆம்' வேண்டாம், 'திஸ் இஸ்' போட்டுப் பெயரைச் சொல்லுங்கள். எதிராளி யாரென்று கேட்க, பிரிட்டிஷ்காரர் 'ஹூஸ் தட்?' என்பார், அமெரிக்கர் 'ஹூ இஸ் திஸ்?' என்பார். ஒரே கேள்விதான். ஒருவர் மறுமுனையில் இருக்கும் ஆளைத் தூரத்தில் வைக்கிறார், இன்னொருவர் காதுக்குப் பக்கத்தில் கேட்கிற குரலைச் சுட்டுகிறார். 'ஹூ இஸ் திஸ்?' என்று கேட்டால் அது உங்களைத்தான். பக்கத்தில் யாரையோ கேட்கிறார் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

இதற்கு ஒட்டுறவாக இன்னொன்று. சாப்பாட்டு மேஜையில் பையர் கதை சொல்லும்போது 'ஸோ தேர் வாஸ் திஸ் கை இன் லண்டன்' என்பார். எந்த ஆள் என்று தேடாதீர்கள். நீங்கள் அறியாத ஆள்தான். 'ஒரு ஆளு' என்பதைக் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார், அவ்வளவுதான். பேச்சில் மட்டும் வரும், மெயிலில் நாம் எழுத வேண்டியதில்லை.

அறிகுறி: கம், கோ மாறிப்போகிறது

'வா, தா' ரெண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும், 'செல், கொடு' ரெண்டும் படர்க்கைக்கு என்று பிரித்து வைத்ததும் தொல்காப்பியம்தான். இங்கிலீஷ் கம் கிட்டத்தட்ட நம் 'வா'தான். கேட்பவர் இருக்கிற இடத்துக்குப் போவதானாலும் கம். 'ஐ வில் கம் டு யுவர் ஆபீஸ் டுமாரோ.' அதை 'ஐ வில் கோ டு யுவர் ஆபீஸ்' என்று எழுதினால், அவர் இல்லாத நேரத்தில் அங்கே போவது போல இருக்கும். கொண்டு வா என்பதற்கு பிரிங், கொண்டு போ என்பதற்கு டேக். இதில் நமக்குச் சிரமமே கிடையாது, தமிழில் நினைத்தாலே சரியாக வரும்.

சரியாக வராதது ஒன்றே ஒன்று, 'போயிட்டு வர்றனுங்க.' கிளம்பும்போது வெறுமனே போறேன் என்று சொல்ல நமக்கு வாய் வராது, திரும்பி வருவதையும் சேர்த்துச் சொன்னால்தான் திருப்தி. எங்கள் குவாலிட்டி ஆள் ஒருவர், நல்ல மனுஷன், ஆர்டர் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரரிடம் சாயந்திரம் பையை எடுத்து மாட்டிக்கொண்டு 'ஓகே சார், ஐ வில் கோ அண்ட் கம்' என்று கும்பிட்டுவிட்டுப் பல்லடம் பஸ் ஏறிவிட்டார். வந்தவர் அதை அப்படியே நம்பி ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு வாட்ச்மேன் வந்து என்னைக் கூப்பிட்டார்: 'ஏனுங், அந்தத் தொர யாருக்குங் காத்துட்டிருக்காரு?'